ராமானுஜன் கண்காட்சிப் பெட்டி: கட்டை அருமை, பேனர் சுமார்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு வாடகைக்கு வரும் இந்தப் பெட்டியில் இருப்பவை 1729 மரக்கட்டைகள், ஒரு டப்பா காய்ந்த பட்டாணி, எட்டு பேனர்.

கட்டைகளுக்காகவே எடுக்கலாம். எல்லாம் ஒரு செ.மீ. கனசதுரம். முதலில் 10×10×10 ஒன்று, 9×9×9 ஒன்று அடுக்கச் சொல்லுங்கள். கட்டை மொத்தமும் தீர்ந்துவிடும். கலைத்து 12×12×12 அடுக்கினால் ஒன்றே ஒன்று மிஞ்சும். ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729; இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது. அதை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகளுக்கு இங்கேதான் விஷயம் பிடிபடும். ஒரு கட்டை தொலைந்தாலும் மிஞ்சவேண்டியது மிஞ்சாது, கணக்கே படுத்துவிடும். உபரியாக ஒன்றுகூடத் தருவதில்லை. கையெழுத்துப் போடும் முன் நூறு நூறாக எண்ணி வாங்குங்கள்.

அடுத்த தொல்லை ஈரம். தேசிய கணித நாளான டிசம்பர் 22, இங்கே வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. கட்டைக்கு 0.2 மி.மீ. ஊதினாலே 12 கட்டை வரிசை 2.4 மி.மீ. நீளும். கட்டை அடுக்கத் தரும் தட்டின் உள்ளளவோ கச்சிதமாக 12 செ.மீ.! அழுத்தித் திணித்தால் நடுவரிசை எழும்பிவிடும். தட்டை ஒதுக்கிவிட்டு, தடித்த புத்தகங்கள் இரண்டை மூலைபோல் வைத்து அடுக்குங்கள்.

பட்டாணி எண் பிரிவினைக்கு, அதாவது ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் என்று பார்க்க. நாலு பட்டாணியை 5 விதமாகப் பிரிக்கலாம். பிள்ளைகள் 8 என்பார்கள். 3+1, 1+3 இரண்டையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் குழப்பம் அது. பெரிய குவியல் எப்போதும் இடப்பக்கம் என்று விதி வைத்தால் தீரும். ஒன்பதுக்கு 30 விதம். பதினாலுக்கு 135 என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அடுக்கி மாளாது. இப்படி நாலில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் போனால் விடை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்பது ராமானுஜன் நிரூபித்தது. (உருளாத புளியங்கொட்டையைக் கொடுத்திருக்கலாம்.)

பேனர்கள் ஏமாற்றம். அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயாருக்கும் வறுமைக்குமே மூன்று போய்விட்டன. 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் வந்த, பெர்னூலி எண்கள் என்ற எண்வரிசை பற்றிய அவர் கட்டுரைக்கு ஒரு வரி இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பள எழுத்தராக இருப்பவர் அடுத்த பேனரிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிடுகிறார்; 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை எங்கே? பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியர் என்று பேனரில் இருப்பதும் தவறு. 1841லேயே கப்பல் பொறியாளர் அர்தசீர் குர்செட்ஜி தேர்வாகிவிட்டார். 'கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ (ஆய்வுறுப்பினர்) ஆன முதல் இந்தியர்' என்று எழுதி மேலே ஒட்டிவிடுங்கள்.

டிசம்பரில் பெட்டிக்கு அடிதடி. ஹார்டிக்குக் கடிதம் போன ஜனவரி 16 பொங்கல் விடுமுறையில் விழும். அதற்கடுத்த வாரம் கேளுங்கள். மழை ஓய்ந்து கட்டையும் காய்ந்திருக்கும்.