கிளம்பிவிடுவதா, மாடியிலேயே இருப்பதா?

ஐப்பசி பிறந்தால், மழை வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கிவிடும். "ரெட் அலர்ட் சொன்னா அன்னிக்கே சித்தி வீட்டுக்குக் கிளம்பிடணும்" என்பார் அம்மா. "நாலு நாளுக்கு வேணுங்கறத வாங்கி வச்சுட்டு மாடியில இருந்துக்கலாம்" என்பார் அப்பா. சென்னையில் இருக்கும் எங்களுக்கு இரண்டும் பழக்கம்தான். உங்கள் தெருவுக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். மற்ற ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்துகொள்ள, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் இருட்டில் இழுப்போடு தண்ணீர் ஏறியது. ஆற்றங்கரையில், அதுவும் தரைத்தளத்தில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், அம்மா சொல்வதுதான் சரி. ஏரி திறப்பு பற்றிய எச்சரிக்கை காதில் விழுந்ததும், இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை கதை வேறு. அங்கே தண்ணீர் தேங்கும், வடிய நாளாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, பால் இல்லை, போனில் டவரும் இல்லை. மாடி இருந்தால் உயிருக்குப் பெரிய ஆபத்தில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களை ஓட்டுவதற்கான ஏற்பாடு வேண்டும்.

முதலில் குடிநீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு நான்கு நாளில் 64 லிட்டர் ஆகிறது. அதாவது 20 லிட்டர் கேன் மூன்று போதாது, நான்கு வேண்டும். சம்ப் நிறைய தண்ணீர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதன் மூடி தரைமட்டத்தில் இருப்பதால் சாக்கடை முதலில் கலப்பது அதில்தான். மழைக்கு முன்பே மேல் தொட்டியை நிரப்பிவிட்டு, அதன்பின் மோட்டாரைத் தொடாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகும் சம்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடாமல் அந்தத் தண்ணீரைப் புழங்கக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். இன்வெர்ட்டர் வசதிதான், ஆனால் கீழ்த்தளத்தில் தரையில் வைத்த பேட்டரி முதல் அடித் தண்ணீரிலேயே போய்விடும். கடைசி நேரத்தில் ஒருவராகத் தூக்க முடியாத கனம் வேறு. பவர்பேங்க் இரண்டு, டார்ச் இரண்டு, இதைத்தான் நான் நம்புவேன். தண்ணீர் வாசலை எட்டுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வந்துவிட்டால் அதில் நின்றுகொண்டு மீட்டர் பெட்டி பக்கம் கை நீட்டவே கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். காலியாகிவரும் சிலிண்டர் மிதக்கும்.

வண்டியை மேட்டில் நிறுத்துவதா, பேஸ்மென்ட்டில் விடுவதா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவதைப் பார்த்தாலே விடை தெரியும். நனைந்த வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினே போய்விடும்.

அப்பாவின் திட்டம் உடைகிற இடம் ஒன்று உண்டு. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் இருக்கும் பெரியவர் என்று யாராவது இருந்தால், எவ்வளவு சாமான் வாங்கி வைத்தாலும் மாடி போதாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆம்புலன்ஸ் வராது, படகுக்குக் காத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கோ ஃபிரிட்ஜ் ஓடாது என்பதே கவலை. அவர்களையாவது முதல் நாளே அனுப்பிவிட வேண்டும்.

என் பாட்டி இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அதனால் இந்த வருஷம் நான் அம்மா கட்சி. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பாட்டியின் பத்து நாள் மாத்திரை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரே பையில் கதவோரம் தொங்குகிறது. பையின் மேல் 1070, 1077 என்ற பேரிடர் உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாடியில் நான்கு கேனும் இருக்கிறது, அது அப்பாவுக்காக.