பெருங்குடி லாஃப்ட் வீடு: உயரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் இருக்கிறது வீடு. லாஃப்ட் என்றால் பரண் இல்லை, உயரக் கூரையோடு, அறைத் தடுப்பில்லாமல் ஒரே கூடமாக இருக்கும் வீடு. 620 சதுர அடி. ஹாலின் கூரை பதினாறு அடி உயரம். சமையல் மேடைக்கு மேலே பாதித் தளம் ஒன்று போட்டு, அதில்தான் படுக்கை. ஏறிப்போக இரும்புப் படி. மேற்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வாடகை 31,000, பராமரிப்பு தனி.

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 1960-களில் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள். லாஃப்ட் வாழ்க்கை பேர்பெற்றது அங்கேதான். என் வீட்டுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் கிடையாது. புதுச் சுவரில் செங்கல் டைல் ஒட்டி, ஒயர் பைப்பை வெளியே தெரியவிட்டுக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் மனசு விரிகிறது, அதை மறுக்க மாட்டேன். இந்த வாடகைக்கு இதே பகுதியில் பார்த்த வீடுகளில் எல்லாம் தலைக்கு மேல் ஃபேன் இடித்துவிடுமோ என்று இருந்தது.

சிக்கல் முழுக்க அந்த உயரத்தில்தான். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கட்டில் இருப்பதோ மேலே! ஏசி போட்டால் கீழே சோபா சில்லென்று இருக்கும், நான் மேலே வேர்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி கான்கிரீட் இரவில்தான் சூட்டைக் கக்கும், அதுவும் கட்டிலுக்கு நேர் மேலே. மத்தியானம் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று என் மேற்குக் கண்ணாடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்றரை டன் ஏசி இந்த உயரத்துக்குப் போதாது. கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் ஃபேனைக் குறைந்த வேகத்தில் கூடவே ஓடவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே குறைந்த விலையில் இருந்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். கத்திரி வெயிலில் நான் தாண்டாமல் இருந்ததே இல்லை.

அப்புறம் சமையல். கதவில்லாத வீட்டில் வற்றல் மிளகாய் தாளித்தால் தலையணை வரை இருமல். வஞ்சிரம் வறுத்த ராத்திரி போர்வையும் வஞ்சிரம்தான். சிம்னி வைத்திருக்கிறார்கள், ஆனால் புகையை வெளியே தள்ளக் குழாய் கிடையாது. வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும் ரகம். இப்போது மீன் வாங்கினால் குழம்புதான், வறுவல் ஹோட்டலில்.

தென்காசியிலிருந்து வந்த அம்மா படியைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏளா, ராத்திரி பாத்ரூம் போவணும்னா இதுலயா இறங்கணும்?" ஆமாம், பாத்ரூம் கீழே. மூட்டுவலிக்காரியை ஹால் சோபாவில் படுக்கவைத்தேன். விடிகாலை மூன்று மணிக்கு மேலே நான் அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங் பேச, கீழே அவள் முழித்துக்கொண்டு கிடந்தாள். வயசானவர்கள் அடிக்கடி வந்து போகும் வீடென்றால், தவழும் குழந்தை இருந்தால், இந்த மாதிரி வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். தனி ஆள், சாமான் குறைவு, பகலில் ஆபீஸ் என்றால் சரி.

ஒட்டடை அடிக்க ஆள் கூப்பிட வேண்டும். கண்ணாடிக்குத் திரை தைக்க ஆன காசில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம். தண்ணீர் லாரிதான், ஆனால் நின்றதில்லை. மழைக்காலத்தில் வீடு அருமை. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மேலே படுத்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால், மே மாத கரண்ட் பில்லெல்லாம் மறந்துபோகும்.

அட்வான்ஸ் ஆறு மாத வாடகை கேட்டார் ஓனர். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது செல்லும் என்றும் வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சென்னை ஓனர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். பேசிப் பேசி நான்குக்கு இறக்கினேன். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய முதலில் மூக்கைச் சுளித்தவர், பிறகு செய்துகொடுத்தார். ரிப்பேருக்கு அவரைப் பிடிப்பது பெரும்பாடு, ஆனால் மரியாதையான மனிதர்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் மாதம், சாயங்காலம் நான்கு மணிக்குப் போங்கள். படியேறிக் கட்டில் மேல் பத்து நிமிஷம் உட்காருங்கள். தரகர் கீழேயே நின்று "வியூ பாருங்க மேடம்" என்பார்.

நான் இன்னொரு வருஷம் நீட்டிக்கப் போகிறேன், ஒரு நிபந்தனையோடு. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். பாதிச் செலவு என்னுடையது என்றதும் ஓனர் தலையாட்டிவிட்டார். தை பிறந்ததும் வேலை.