பவர் மெஷினில் ஊசி விசையை அளந்த மூன்று ஆண்டுகள்

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் செல்லும் சாலையில், 14 பவர் மெஷின்களோடு (மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரங்கள்) நடக்கும் ஒரு சிறிய ஜாப் ஒர்க் கூடத்தில் மெஷின் பராமரிப்பு என் பொறுப்பு. திருப்பூரிலிருந்து வெட்டி வரும் பனியன் துணியையும், பள்ளிச் சீருடைக்கான பாலியஸ்டர் கலந்த பருத்தித் துணியையும் தைத்து அனுப்புகிறோம். ஊசி துணிக்குள் இறங்கும்போது எழும் விசையை அளக்கும் அமைப்பு ஒன்றை நானே பொருத்தி, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு புகாரிலிருந்து வந்தது. எங்களிடமிருந்து போன டி-ஷர்ட்டுகளில் ஒரு பகுதி, தோள் தையலை ஒட்டிச் சிறு ஓட்டைகள் விழுந்திருப்பதாகத் திரும்பி வந்தது. செக்கிங் டேபிளில் பார்த்தபோது அவற்றில் ஒரு குறையும் இருந்ததில்லை. பின்னல் துணியில் இந்தக் கேட்டின் இயல்பே அதுதான்: ஊசி முனை கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்காமல் நூலை அறுத்துவிட்டால், அறுந்த முனை உடனே வெளியே தெரிவதில்லை, ஒரு சலவை முடிந்து, உடுத்தி இழுபட்ட பிறகுதான் கண்ணி கழன்று ஓட்டையாக விரியும். எனவே, கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத ஒன்றைத் தைக்கும்போதே பிடிக்க வேண்டுமானால் விசையைத்தான் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இது புதிய எண்ணம் அல்ல. லீமிங், மண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே பின்னல் துணியில் ஊசி இறங்கும் விசையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் எல் அண்ட் எம் என்று அழைக்கப்படும் சோதனைக் கருவி, நூல் கோக்காத ஊசியை நிமிடத்துக்கு 100 முறை துணியில் இறக்கி, குறித்த அளவைத் தாண்டும் துளைப்புகளை எண்ணிச் சொல்கிறது. துணியை மட்டும் சோதிக்க அது நல்ல வழி. ஆனால் எங்கள் மெஷின் நிமிடத்துக்கு 3000 தையல் போடுகிறது. கேடு விளைவது அந்த வேகத்தில். ஓடும் மெஷினுக்குள்ளேயே உணரியை வைத்து அளக்கும் ஆராய்ச்சியைப் போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தார் நெடுங்காலம் செய்துவந்திருக்கிறார்கள். அந்த வழியைச் சிறிய அளவில் பின்பற்றுவதே என் நோக்கம்.

முதல் ஐந்து மாதங்கள் வீணாயின. நீடில் பார் என்று நாம் சொல்லும் ஊசித்தண்டின் மேல், உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் மின்னளவாகக் காட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, மின்னணுத் தராசுகளில் இருக்கும் எச்எக்ஸ் 711 என்ற மின்சுற்றுப் பலகையோடு இணைத்தேன். இரண்டும் தவறான தேர்வுகள். ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தண்டு, 1 நியூட்டன் (ஏறத்தாழ 100 கிராம் எடை) விசைக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சுருங்குவதில்லை. அந்தச் சுருக்கம் மின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. அந்தப் பலகையோ நொடிக்கு அதிகபட்சம் 80 அளவுகள்தான் எடுக்கும். 3000 வேகத்தில் நொடிக்கு 50 தையல் விழுவதால், ஒரு தையலுக்கு இரண்டு அளவுகூட முழுதாகக் கிடைக்காது. ஒரு தையலுக்கு உள்ள நேரம் 20 மில்லிநொடி; ஊசி துணியைத் துளைக்கும் உச்சம் அதில் ஓரிரு மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது.

பிறகு பழைய ஊசித்தண்டு ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, கீழ்முனைக்குச் சற்று மேலே வெட்டி, இடையில் பீசோ வளையம் ஒன்றை வைத்து, நடுவில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டேன். அழுத்தம் பட்டால் மின்னூட்டம் தரும் இந்தப் பீங்கான் வளையம், விறைப்பான தண்டிலும் சிறு விசையைத் தெளிவாகக் காட்டுகிறது. நொடிக்கு 10,000 அளவுகள் எடுக்கும் பலகையும், கைச்சக்கரத்தில் ஒரு காந்தமும், அது கடக்கும்போது துடிப்பு தரும் ஹால் உணரியும் சேர்ந்ததும், தையல் ஒன்றுக்கு 200 புள்ளிகள் கொண்ட கோடு திரையில் வந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி ஒரே நாளில் அடங்கியது. துணியே வைக்காமல் ஓட்டினாலும் கோடு ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறி இறங்கியது. இந்த வேலையில் எல்லாரும் தடுக்கி விழக்கூடிய இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊசித்தண்டு மேலும் கீழும் சுமார் 30 மில்லிமீட்டர் ஓடுகிறது. 3000 வேகத்தில், ஓட்டத்தின் இரு முனைகளிலும், உணரிக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிராமும் சுமார் 1.5 நியூட்டன் விசையை உண்டாக்குகிறது. ஊசி, அதைப் பிடிக்கும் திருகு, தண்டின் கீழ்த்துண்டு எல்லாம் சேர்ந்து என் மெஷினில் 4 கிராம். அதாவது 6 நியூட்டன், துணியே இல்லாமல். மெல்லிய சீருடைத் துணி ஓர் அடுக்குக்கு அதன் மேல் சேர்ப்பது 1 நியூட்டனை ஒட்டித்தான். ஓட்டத்தின் கீழ்ப்பாதியில் இந்த இயக்க விசை உணரியை இழுக்கிறது, துணியின் எதிர்ப்போ அதை அழுத்துகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால், துளைப்பு உள்ளதைவிடக் குறைவாகவும், ஊசி திரும்ப மேலேறும்போது ஏற்படும் உராய்வு உள்ளதைவிட அதிகமாகவும் தோன்றும். வேகத்தை 4000-க்கு உயர்த்தினால் இயக்க விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி, 10 நியூட்டனைத் தாண்டிவிடும்.

இதற்கு நான் கைக்கொண்ட முறை எளியது. நூலும் துணியும் இல்லாமல், சர்வோ மோட்டாரின் வேகத்தை 3000-இல் பூட்டி, 50 சுற்றுகளின் சராசரிக் கோட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிறகு துணியோடு எடுத்த கோட்டிலிருந்து, காந்தத் துடிப்பை வைத்துக் கோணத்துக்குக் கோணம் பொருத்தி, அதைக் கழிக்கிறேன். வேகம் மாறினால் கழிக்கும் கோடும் மாற வேண்டும். சம்பா நடவுக் காலத்தில் பழகிய தையல்காரப் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். புதியவர்கள் பெடலை விட்டுவிட்டு மிதிப்பார்கள். அந்த நாட்களில் நான் எடுத்த பதிவுகள் அனைத்தையும் பின்னால் நீக்க வேண்டியிருந்தது. வேகத்தைப் பூட்டும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது.

அளவைச் சரிபார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பீசோ உணரி நிலையான எடையைக் காட்டாது. எடையைத் தொங்கவிட்டால் கோடு எழுந்து, மெல்ல வடிந்து பூச்சியத்துக்கு வந்துவிடும். ஆகவே ஊசியில் நூல் கட்டி 100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, கோடு அடங்கும்வரை காத்திருந்து, நூலைக் கத்தரியால் சட்டென்று வெட்டுகிறேன். அப்போது கோட்டில் எழும் தாவல் 0.98 நியூட்டனுக்குச் சமம். மாதம் ஒரு முறை 50, 100, 200 கிராம் மூன்றிலும் இதைச் செய்கிறேன்.

மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது உணரி அல்ல, அதிலிருந்து வெளிவரும் கம்பி. ஊசித்தண்டோடு சேர்ந்து அதுவும் நிமிடத்துக்கு 3000 முறை வளைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 வளைவு. முதல் கம்பி இரண்டு நாளில் அறுந்தது. மெல்லிய பல இழைக் கம்பியை அகன்ற வளைவாக விட்டு, இரு முனைகளிலும் சிலிக்கான் குழாயால் அணைத்த பிறகு, ஒரு கம்பி மூன்று மாதம் வரை வருகிறது. அறுபடாத கம்பியும் வளையும்போது தானே சிறு மின்னூட்டத்தை உண்டாக்கிப் பொய்க் கோடு காட்டும் என்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன். இப்போது அளக்கும் நேரத்தில் மட்டும் இந்தத் தண்டை மாட்டுகிறேன். மற்ற நேரத்தில் மெஷினில் வழக்கமான தண்டுதான் ஓடுகிறது.

அடுத்தது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் காற்று எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பீசோ உணரியின் மின்னூட்டம் மிகச் சிறியது. இணைப்பு முனையில் படியும் ஈரத்தின் வழியாகவே அது கசிந்துவிடும். முதல் மழைக்காலத்தில் கோடு நாள் முழுவதும் அலைந்தது. இப்போது உணரித் தண்டையும் இணைப்பு முனைகளையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன். பயன்படுத்துமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 40 வாட் குண்டு பல்பின் அருகில் அரை மணி நேரம் உலர்த்துகிறேன். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்த பிறகு அடைமழை நாளிலும் அளவு நிலைக்கிறது.

கம்பியின் தொல்லைக்காக, உணரியை ஊசித்தட்டின் கீழே வைத்தும் ஓர் ஆண்டு பார்த்தேன். நகரும் கம்பி இல்லை, ஊசித்தண்டின் இயக்க விசையும் நேராக வராது. ஆனால் துணியை நகர்த்தும் பற்களான ஃபீட் டாக் கீழே இறங்கியதும், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் முழு அழுத்தமும் தட்டின் மேல் வந்து உட்காருகிறது. அது ஊசியின் விசையைப் போலப் பல மடங்கு. முனை மழுங்கியதா இல்லையா என்று தோராயமாகப் பார்க்க மட்டும் இந்த அமைப்பை, துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றில் விட்டிருக்கிறேன்.

இத்தனை பாடுபட்டதற்கும் பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது என்று உறுதியாகச் சொல்வேன். டி-ஷர்ட் துணிக்கு நாங்கள் போட்டுவந்த 90/14 அளவு, அதாவது 0.90 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசிக்குப் பதிலாக, லேசான உருண்டை முனை கொண்ட 75/11 ஊசியை மாற்றியதும், துளைப்பு விசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முனை நுனியில் நகத்துக்குத் தட்டுப்படாத அளவு மடிந்த ஊசிகூடக் கோட்டில் தனியே தெரிகிறது. ஒரே எடையுள்ள துணியில் வெள்ளையைவிடக் கருநீலம் கூடுதல் விசை காட்டிய லாட்டுகள் உண்டு. சாயமிடுபவரிடம் கேட்டு, அடுத்த லாட்டில் துணியை வழுவழுப்பாக்கும் சிலிக்கான் சாஃப்டனர் கொடுக்கச் செய்ததும் வேறுபாடு குறைந்தது.

நான் எதிர்பாராதது மேல்காற்று. ஆனி, ஆடியில் பகல் முழுவதும் வீசும் வறண்ட காற்றில் துணி சருகாகக் காய்ந்து, அதே ஊசி, அதே வேகத்தில் விசை ஏறுகிறது. துணிச் சோதனைக்கு 20 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் நிலையாக வைக்க வேண்டும் என்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் கையில் பட்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே அந்த மாதங்களில் கட்டுகளை முந்தைய நாள் மாலையே பிரித்து, தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய அறையில் இரவு முழுவதும் விரித்து வைக்கிறோம். "அண்ணே, இன்னிக்கு ஊசி சொகமா எறங்குதுண்ணே" என்று லைனில் இருக்கும் மூத்த பெண் சொல்லும் நாளும், திரையில் கோடு தாழ்ந்திருக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். என் மெஷினில் வரும் 1.2 நியூட்டனை வேறொரு கூடத்தின் 1.2 நியூட்டனோடு ஒப்பிட முடியாது. தட்டின் துளை, ஃபுட்டின் அழுத்தம், போல்ட்டின் இறுக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஒரே மெஷினில், ஒரே வேகத்தில், நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிடவே இது பயன்படும். பாலியஸ்டர் தையலில் ஊசி சூடேறி நூல் உருகுவதையும் இது காட்டாது; அதற்கு வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதைத் தவிர என்னிடம் இப்போது வேறு வழியில்லை. உதிரிப் பாகங்கள், பட்டறைக் கூலி, வீணானவை எல்லாம் சேர்த்து இதுவரை 11,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி, அந்த முதல் ஐந்து மாதச் செலவு.