உப்புத் தண்ணீருக்கு முன்னால் இரண்டு கர்டர்கள்

பனி நாட்டுப் பாலங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி, குளிரில் முன்தகைவு (எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டுக்குள் முன்கூட்டியே ஏற்றும் அழுத்தம்) குறைந்துவிடாதா என்பதுதான். குறையாது. கான்கிரீட்டின் ஊர்வும் (சுமையால் மெல்ல மெல்ல உருமாறுவது) சுருக்கமும், எஃகு வடத்தின் தளர்வும் குளிரில் மந்தமாகின்றன. எஃகும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்குவதால் இழுவிசையும் பெரிதாக மாறுவதில்லை. குளிர்காலத்தில் தள்ளிப்போன முன்தகைவு இழப்பு கோடையில் நடந்து முடியும், அவ்வளவே. இதில், வடத்தை வார்ப்புக்கு முன்பே இழுக்கும் முன்னிழுப்பு கர்டருக்கும் (கர்டர் என்பது பாலத் தளத்தைத் தாங்கும் உத்திரம்), கான்கிரீட் இறுகிய பின் இழுக்கும் பின்னிழுப்பு கர்டருக்கும் வேறுபாடில்லை.

வேறுபாடு தண்ணீர் நுழையும் வழியில் இருக்கிறது. உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கான்கிரீட்டுக்குள் நுண்காற்றுக் குமிழ்களை விடுகிறார்கள். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பை மட்டும் குமிழ்கள் தடுக்காது.

முன்னிழுப்பு கர்டர் ஆலையில் பிறக்கிறது. இழுத்துப் பிடித்த வடங்களைச் சுற்றியே கான்கிரீட் வார்த்து, நீராவியில் பதப்படுத்துகிறார்கள். வெளியே பனிப்புயல் அடித்தாலும் தரம் கெடாது. வடத்தைச் சுற்றி வெற்றிடமும் இல்லை. பலவீனம் முனைகளில்: விரிவு இணைப்பு (வெப்பத்தில் தளம் விரிய விடும் இடைவெளி) ஒழுகினால் உப்புநீர் நேராக வடங்கள் வெட்டப்பட்ட முனை மீது சொட்டும். பக்கவாட்டில் நெருக்கி அடுக்கிய பெட்டிக் கர்டர்களில் இன்னும் மோசம், இடுக்குகள் வழியாகவும் இறங்கும். 1960இல் கட்டிய பென்சில்வேனியாவின் லேக் வியூ டிரைவ் பாலத்தில் 2005 டிசம்பரில் விளிம்புக் கர்டர் முறிந்து நெடுஞ்சாலையில் விழுந்ததற்கு உப்பு அரித்த வடங்களே காரணம்.

பின்னிழுப்பில் வடம் குழாய்க்குள் ஓடுகிறது. இழுத்த பின் சிமெண்ட் கூழ் செலுத்துகிறார்கள். சிக்கலே அந்தக் கூழ்தான். கடும் குளிரில் அது இறுகுமுன் உறைந்தால், குழாய் போகும் பாதையிலேயே கர்டரின் நடுச்சுவர் பிளக்கும். கூழ் நிரம்பாத பொந்தில் உப்புநீர் தேங்கினால் வெளியில் ஒரு துருக்கறைகூடத் தெரியாது. 1953இல் கட்டிய வேல்ஸ் நாட்டு இனிஸ்-எ-குவாஸ் பாலம் 1985 டிசம்பரில், மேலே வண்டி எதுவும் இல்லாதபோது சரிந்தது. கர்டர் துண்டுகளின் இணைப்புகளில் உள்ளே அரித்திருந்தது. பிரிட்டன் 1992 முதல் 1996 வரை கூழ் நிரப்பும் புதிய பின்னிழுப்புப் பாலங்களுக்குத் தடை போட்டதில் வியப்பில்லை.

ஆனாலும் பின்னிழுப்பில் கட்டிய கனடாவின் கான்ஃபெடரேஷன் பாலம் (1997) பனிக்கட்டி மிதக்கும் நீரிணையை 250 மீட்டர் கண்களால் (தூணுக்குத் தூண் இடைவெளி) தாண்டுகிறது. லாரியில் ஏற்றி வரும் முன்னிழுப்பு கர்டரால் அந்த நீளத்தை நெருங்க முடியாது.

கண் ஐம்பது மீட்டருக்குள் என்றால் நான் தயங்காமல் முன்னிழுப்பைத்தான் எடுப்பேன், தூண்களின் மேல் தளத்தை விரிவு இணைப்பின்றித் தொடர விடலாம் என்றால் இன்னும் உறுதியாக. அதற்கு மேல் பின்னிழுப்புதான்: துருவேறும் தகரக் குழாய் வேண்டாம், நீர்புகாத பிளாஸ்டிக் குழாய். கூழ் செலுத்தும் வேலையை உறைபனி தொடங்குமுன் முடிக்க வேண்டும். கால அட்டவணை நெருக்கினாலும் அடுத்த வசந்தம் வரை காத்திருப்பது மலிவு.