பழைய ஜாவாவுக்குச் சைலன்சர்: மாற்றிப் பார்த்ததும் பழுது பார்த்ததும்

என்னிடம் உள்ள ஜாவா 250 மோட்டார் சைக்கிள், 1968-இல் மைசூரில் தயாரானது. சிலிண்டர் ஒன்றுதான் என்றாலும் அதிலிருந்து புகைக்குழாய்கள் இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கு ஒரு சைலன்சராக நீளுவதால், இந்த வண்டியில் சைலன்சருக்கு ஆகும் எந்தச் செலவும் இரட்டைச் செலவுதான். சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு வண்டியைக் கழுவும்போது, இடப்பக்கச் சைலன்சரின் அடிவயிற்றில் என் கட்டைவிரல் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு ஏழு மாதங்களில் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். முதலில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய ஜோடி ஒன்றை வாங்கி மாட்டினேன். அது சரிப்படாமல், பரணில் போட்டிருந்த பழைய ஜோடியை எடுத்துப் புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் பழுது பார்த்தேன். கடையின் பெயரையும் பட்டறையின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. கடையைப் பொறுத்தவரை, அந்தச் சாலையில் பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் பலரிடமும் இருப்பது ஏறக்குறைய இதே சரக்குதான். பட்டறைக்கோ பெயர்ப்பலகையே கிடையாது.

சைலன்சர் ஏன் ஓட்டையாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எதை வாங்குவது, எதைச் சரிசெய்வது என்ற முடிவு அதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவியைத் துரத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர்க் கடை வரைக்கும் போய்த் திரும்பும் என்னுடையதைப் போன்ற வண்டிகளில் அது உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். ஜாவாவைப் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் தகரத்தின் உட்புறத்தில் ஓர் எண்ணெய்ப் படலம் படிந்து அதை ஓரளவுக்குக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயே நாளடைவில் கெட்டிக் கரியாக இறுகிய பிறகு, அந்தக் கரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சாகிவிடுகிறது. யாரோ பின்னாளில் பொருத்திய பக்க ஸ்டாண்டில் என் வண்டி எப்போதும் இடப்புறம் சாய்ந்தே நிற்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஓட்டை ஏன் இடப்பக்கத்தில் விழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதலில் புதிய ஜோடியைப் பற்றி. விலை 4,600 ரூபாய், பேரம் பேசிய பிறகு. காகிதத்தைப் பிரித்தபோது கண் கூசியது. அந்தப் பளபளப்பைக் குறை சொல்ல முடியாது. வடிவமும் பின்முனையின் மீன்வால் வளைவும், இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், அசலைப் போலவே இருந்தன. கையில் தூக்கியவுடன்தான் ஐயம் வந்தது, எடை மிகவும் குறைவாக இருந்தது. விரலால் சுண்டினால் அசல் சைலன்சர் மந்தமாக ஒலிக்கும். இதுவோ எண்ணெய் டின்னைப் போலக் கிணுகிணுத்தது. வண்டியில் மாட்டும்போது பின்புறப் பட்டையின் துளை சட்டத்தின் துளையோடு சேரவில்லை, ஏறக்குறைய அரை அங்குலம் விலகி நின்றது. கடைக்காரர் தொலைபேசியில் சொன்னபடி இழுத்துப் பிடித்துப் போல்ட்டைப் போட்டிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்த இழுவிசை முழுவதும், சைலன்சரைச் சிலிண்டரோடு இணைக்கும் வளைந்த குழாயான பென்ட் பைப்பின் வழியாகச் சிலிண்டர் வாயில் உள்ள வளைய நட்டின் மீது போய் விழும். பழைய ஜாவாக்களில் அந்த நட்டு ஏறும் மறை (திருகுவரி) தேய்ந்துபோய்விட்டால் சைலன்சர் செலவு சிலிண்டர் செலவாகிவிடும். எனவே பட்டையை அறுத்து இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. புத்தம்புதிய குரோமின் மீது முதல் கரும்புள்ளி அன்றே விழுந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது உள்ளே இருந்தது. அசல் ஜாவா சைலன்சரின் பின்முனையைக் கழற்றினால், துளைகள் இட்ட உட்குழாயை அப்படியே வெளியே இழுத்து எடுத்துவிடலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஜாலி என்றோ பேஃபிள் என்றோ சொல்வார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் ஊற்றி ஓட்டிய காலத்தில், கரி அடைக்கும் என்பதை முன்பே அறிந்து, சுத்தம் செய்வதற்கென்றே அப்படி அமைத்திருந்தார்கள். நான் வாங்கிய ஜோடியில் பின்முனை கழற்றுவதற்கு உரியதுபோல் தோன்றியதே தவிர, உட்குழாய் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது துளைகள் அசலைவிடப் பெரியவையாகவும் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவும் தெரிந்தன. கரி அடைத்துக்கொண்டால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லாத ஒரு பொருளை டூ ஸ்ட்ரோக் வண்டிக்கென்று விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஓட்டத்திலும் வேறுபாடு தெரிந்தது. இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைவாயைத் திறந்து மூடும் வால்வு கிடையாது. எரிந்த புகை வெளியேறும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே நுழைகிறது, அதில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து தப்பியோடவும் பார்க்கிறது. சைலன்சரும் உட்குழாயும் தரும் எதிரழுத்தம் அந்த ஓட்டத்தை ஓரளவுக்குத் தடுத்து நிறுத்துகிறது. ஆகையால் இந்த வண்டிகளில் சைலன்சர் என்பது ஓசையை அடக்கும் கருவி மட்டுமன்று, எஞ்சினின் ஓர் உறுப்பு. புதிய ஜோடியோடு என் வண்டி மூன்றாம் கியரில் மேடேறும்போது முன்பிருந்த இழுவை இல்லாமல் திணறியது. நாலாம் கியருக்கு மாற்றினால் மறுபடியும் மூன்றுக்கே வரவேண்டியிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், காப்பித்தூள் நிறத்தில் இருக்கவேண்டிய முனை வெளிறிப்போயிருந்தது; கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிய பிறகு அது சற்றுத் தேறியது, ஆனால் பெட்ரோல் செலவு ஏறிக்கொண்டது. ஓசையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி "வண்டியை மாத்திட்டியாப்பா?" என்று கேட்டார் என்பதே போதும். நான்கே மாதங்களில், கோடை மழை ஒன்று பெய்தவுடன், பற்றவைத்த இடத்தில் மட்டுமல்லாமல் வயிற்றுப் பகுதியிலும் ஊசிமுனைத் துரு தலைகாட்டியது.

இந்த இடத்தில் ஒரு கிளைச்செய்தி. உட்குழாயை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் பழைய வண்டிக்காரர்களிடையே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி எல்லா வாகனத்துக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி அளவு விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், ஜாலியைக் கழற்றிய ஜாவா வேகமாக ஓடும் என்பது வெறும் காதுமயக்கம்.

இனிப் பட்டறை. அங்கே வேலை செய்பவரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பழைய சைலன்சரை வாங்கியவுடன் அவர் ஓட்டையைப் பார்க்கவில்லை. நீளமான கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தார். "சார், ஓட்டை போனது இந்த ஒரு இடம்தான். மத்த தகரம் நல்ல தகரம். உள்ள இருக்குற கரியை எடுத்துட்டுப் பேசுவோம்" என்றார். ஓட்டையை அடைத்தால் போதும் என்று நினைத்துப் போன எனக்கு, வேலை உள்ளேயிருந்து தொடங்கவேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

கரியை நீக்க நெருப்பில் இடும் முறையும் உண்டு. அதில் தகரம் கோணிவிடக்கூடும் என்பதால் அவர் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரண்டு நாள் ஊறப்போட்டார். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டுமே தவிர, சோடாவின் மீது தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறித்து முகத்தில் விழும். அந்தக் கரைசல் இரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். வீட்டில் முயல்கிறவர்கள் இந்த இரண்டையும் மறக்கவேண்டாம். மூன்றாம் நாள் வெளியே வந்த கருங்குழம்பைப் பார்த்தபோது, இத்தனையையும் சுமந்துகொண்டு வண்டி எப்படி ஓடிற்று என்று வியப்பாக இருந்தது. அந்தக் குழம்பைப் பட்டறைப் பையன் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் ஊற்றியதுதான் இந்தப் பட்டறை மீது எனக்குள்ள முதல் குறை. சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

ஒட்டுவேலைதான் பாயின் கைத்திறன் தெரிந்த இடம். பல பட்டறைகளில் ஓட்டையின் மேல் ஒரு தகரத் துண்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்துவிடுவார்கள். இரண்டு தகரத்துக்கும் இடையில் ஈரம் புகுந்து அடுத்த ஆண்டே பெரிய ஓட்டையாகும். இன்னும் சிலர் ஈயத்தை உருக்கி நிரப்பித் தேய்த்துவிடுவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், சூடேறினால் ஒழுகிவிடும். பாய், துருப்பிடித்த பகுதியை நல்ல தகரம் வரும் வரைக்கும் அறுத்து எடுத்தார். தம்மிடம் கிடந்த வேறொரு ஜாவா சைலன்சரின் அதே வளைவிலிருந்து அதே அளவுத் துண்டை வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, கேஸ் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறவிட்டுச் சேர்த்தார். இவ்வளவு மெல்லிய தகரத்தில் ஆர்க் வெல்டிங் செய்தால் அடைக்கும் ஓட்டையைவிடப் புதிதாக விழும் ஓட்டை அதிகமாகிவிடும் என்பது அவர் கருத்து. அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த பழைய குரோமையும் வெல்டிங்குக்கு முன்பே தேய்த்து எடுத்துவிட்டார். குரோமோடு சேர்த்துப் பற்றவைத்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. வலப்பக்க உட்குழாய் கரைந்துபோயிருந்ததால், இடப்பக்கத்ததை முன்னால் வைத்துக்கொண்டு, நீளத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் அளந்து, புதிய குழாயில் ஒவ்வொரு துளையாகப் போட்டுக்கொடுத்தார். கடையில் கிடைக்காதது இதுதான்.

முலாம் பூசுவது அவர் வேலை அன்று. அம்பத்தூரில் ஒரு கூடத்துக்கு அனுப்பினார். ஓடிய வண்டியின் சைலன்சர் என்றாலே முலாம் பூசுகிறவர்கள் தயங்குவார்கள், உள்ளே இருக்கும் கரியும் எண்ணெயும் அவர்களுடைய தொட்டியைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். உட்புறம் வெள்ளையாக வந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் எங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். குரோம் என்று நாம் சொல்லும் பளபளப்பு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு பகுதியளவே தடிப்புள்ள மேற்பூச்சு; துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். நிக்கலைக் கனமாகப் பூசச் சொல்லிக் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்போகவில்லை.

மொத்தச் செலவு 6,900 ரூபாய்: கரி நீக்க 800, ஒட்டுவேலைக்கும் உட்குழாய்க்குமாக 1,900, முலாமுக்கு 4,200. புதிய ஜோடியைவிட 2,300 ரூபாய் கூடுதல். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "நாளைக்கு வந்துடும் சார்" என்ற ஒரே பதில். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடத்தில் ஓர் அலை தெரிகிறது, எனவே கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்க நினைப்பவர்களுக்கு இந்த வேலை போதாது. அவர்கள் செக் குடியரசில் இந்த மாதிரிக்கு இப்போதும் செய்து விற்கும் ஜோடியை வரவழைத்துக்கொள்ளலாம். கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் விலையைக் கேட்டு உட்காரவேண்டியிருக்கும். 2018-இல் ஜாவா என்ற பெயரில் மீண்டும் வந்த வண்டிக்கும் இரட்டைச் சைலன்சர் உண்டு என்பதால் அதைப் பொருத்தலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், பொருந்தாது.

வண்டி இப்போது மூன்றாம் கியரில் மேடேறுகிறது. ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டேன், பிளக்கும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மாட்டும்போது சிலிண்டர் வாயில் புதிய செப்பு வளையம் போட்டு, உளியும் சுத்தியலும் இல்லாமல் கொக்கி ஸ்பேனரால் மட்டுமே நட்டை இறுக்கி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை இறுக்கினேன். புகையும் கரியும் குறைவாக விடும் எஃப்டி (FD) தர டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கும் மாறியிருக்கிறேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஜோடியைத் தெரிந்த ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். துருப்புள்ளிகளைக் காட்டித்தான் கொடுத்தேன். அவருடைய ஜாவா ஓடுவதில்லை, வரவேற்பறையில் நிற்கிறது.