ஒரு விளக்கு, மூன்று இடம்: எங்கள் டவுனில் கடவை எங்கே வரவேண்டும்?

அவிசாவளையில் தொடங்கும் ஏ-7 பாதை கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று ஏறி நுவரெலியாவில் போய் முடிகிறது. அந்தப் பாதை ஊடறுத்துப் போகும் சின்ன டவுன்களில் ஒன்றுதான் எங்களுடையது. கடைவீதி என்று இருப்பது ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவே ஏ-7.

ஊர்க்கூட்டத்தில் இப்போது ஓடுகிற பேச்சு இது: ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு மஞ்சள் கடவையும் மின்னும் எச்சரிக்கை விளக்கும் கேட்டு எழுதப் போகிறோம், எந்த இடத்துக்கு என்று எழுதுவது? ஏ தரப் பாதை என்பதால் பிரதேச சபை தானாக ஒரு கோடுகூடப் போட முடியாது. வீதி அபிவிருத்தி அதிகார சபைதான் போடவேண்டும். ஆகவே கேட்கிற இடத்தைக் காரணத்தோடு கேட்டாக வேண்டும். பெயிண்ட் இரண்டு மூன்று இடத்துக்குக் கிடைக்கலாம். விளக்கு ஒரு இடத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன்.

போட்டியில் மூன்று இடங்கள். பஸ் ஸ்டாண்ட் வாசல், பாடசாலை முடக்கு, டவுனைத் தாண்டி ஒரு கிலோமீற்றரில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களுக்குப் பக்கத்தில் இருக்கும் லயத்துச் சந்தி.

கடைக்காரர்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம். சனம் கூடுதலாகக் கடப்பது அங்கேதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தை நாளில் வந்து பார்த்தால் ரோட்டில் வாகனத்தைவிட மரக்கறிப் பைதான் அதிகம். ஆனால் அதனாலேயே அங்கே எதுவும் வேகமாக ஓடுவதில்லை. ஒரு பக்கம் பஸ் திரும்பும், மறுபக்கம் லொறி சாமான் இறக்கும், நடுவில் ஆட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும். ஊர்ந்து போகிற வாகனத்தை விளக்கு போட்டு மெதுவாக்க என்ன இருக்கிறது? அங்கே தேவைப்படுவது கோடு. கோட்டை விடவும் முக்கியம், பஸ் நிற்கிற இடம். இப்போது பஸ்ஸில் இறங்குகிறவர்கள் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால்தான் ரோட்டில் கால் வைக்கிறார்கள். பின்னால் வந்து முந்தப் பார்க்கிற ஆட்டோக்காரனுக்கு ஆள் தெரிவது பம்பருக்கு முன்னால் வந்த பிறகுதான். கடவையைத் தாண்டிப் போய் பஸ் நின்றால், இறங்கியவர்கள் பஸ்ஸின் பின்பக்கமாகக் கடப்பார்கள். வருகிற வாகனமும் அவர்களும் ஒருவரையொருவர் பார்க்கலாம். ஒரு தரிப்பிடப் பலகையைப் பதினைந்து மீற்றர் நகர்த்துகிற வேலை. இதற்கு விளக்கு எதற்கு?

பாடசாலை முடக்குதான் மனதைக் குழப்புகிற இடம். பிள்ளைகள் என்றதும் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், நானும்தான். காலை ஏழரைக்கு முன் இருபது நிமிடம், பின்னேரம் ஒன்றரைக்குப் பிறகு இருபது நிமிடம், கேட் வாசலில் வெள்ளைச் சீருடைதான் தெரியும். மற்ற நேரமெல்லாம் அங்கே நாய் படுத்திருக்கும். வாசல் திறப்பது சரியாக முடக்கின் வயிற்றில். மேலிருந்து இறங்குகிற வண்டிக்கு வாசலுக்கு நாற்பது மீற்றர் இருக்கும்போதுதான் அது கண்ணில் படும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர். சாரதி ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி போகும். அதற்குள் வண்டி 21 மீற்றர் வந்துவிடும். நூற்றுக்கு எட்டு இறக்கம், மழையில் நனைந்த தார் என்றால், அதன்பிறகு நிற்பதற்கு இன்னும் 30 மீற்றர் வேண்டும். மொத்தம் 50 மீற்றருக்கு மேல். கண்ணுக்குத் தெரிகிற தூரமோ 40. கணக்கு உதைக்கிறது. அதே இறக்கத்தில் 30 கிலோமீற்றரில் வந்தவன் 24 மீற்றரில் நின்றுவிடுவான்.

நடக்கிறவர் பக்கமும் பார்ப்போம். ரோட் ஏழு மீற்றர் அகலம் என்றால் சாதாரண நடைக்கு ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியில் 50இல் வருகிற வண்டி 80 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே முடக்கில் கோடு போட்டுக் கொடுப்பது பிள்ளைக்கு நாங்கள் சொல்கிற பொய். “இது பாதுகாப்பான இடம்” என்று மஞ்சளில் எழுதி வைத்த பொய். கடவை முடக்கிலிருந்து விலகி, இரண்டு பக்கமும் நேராகத் தெரிகிற இடத்துக்கு வரவேண்டும். வாசலில் இருந்து அதுவரை கம்பி வேலி போட்டு நடைபாதை. பிள்ளைகள் சுற்றி நடக்க மாட்டார்கள் என்று ஒரு அண்ணன் சொன்னார். வேலி இல்லாவிட்டால் நடக்க மாட்டார்கள்தான்.

அந்த இருபது நிமிடங்களுக்கு விளக்கைவிட ஒரு மனிதர் மேல். நிறுத்தற் பலகை பிடித்த ஒரு பொலிஸ்காரரோ பெற்றோரோ நின்றால் பஸ் நிற்கும். நாள் முழுக்க மின்னுகிற விளக்கை மூன்றாம் வாரம் யாரும் பார்ப்பதில்லை.

இனி லயத்துச் சந்தி. ரோட்டுக்கு மேலே லயன்கள், கீழே தேயிலை மலையும் கொழுந்து மடுவமும். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதிய, இறங்குகிற பெண்கள், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு ஏறுகிறவர்கள். நேரம் பிந்தினால் அன்றைய பெயரும் அதனோடு நாட்சம்பளமும் போய்விடுமோ என்ற அவசரம் வேறு. தொகை குறைவு, அதனால் எந்தப் பட்டியலிலும் இந்தச் சந்தி முதலில் வராது. ஆனால் டவுன் நெரிசலில் இருந்து விடுபட்ட வண்டி முதன்முதலாக வேகம் பிடிக்கிற நேர்த்துண்டு இதுதான். கச்சான் மழைக்காலத்தில் காலை ஆறரைக்கு மூடுபனி இறங்கினால் முப்பது மீற்றருக்கு அப்பால் வெள்ளைச் சுவர். மேலே போட்ட கணக்கை முப்பது மீற்றரோடு வைத்துப் பாருங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிற வேன்கள், ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலத்துக்கு வருகிற கார்கள், இவற்றை ஓட்டுகிற பலருக்கு இங்கே படிக்கட்டு ஒன்று ரோட்டில் இறங்குகிறது என்பதே தெரியாது.

எண்ணிக்கையை வைத்து இடம் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த ஒரு சூத்திரம் நல்ல உதாரணம். ஒரு மணித்தியாலத்தில் கடக்கும் ஆட்களின் தொகையை, வாகனத் தொகையின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். மிகப் பரபரப்பான நாலு மணித்தியாலங்களின் சராசரி பத்துக் கோடியைத் தாண்டினால் கடவைக்குத் தகுதி. எங்கள் ரோட்டுக்கு மணிக்கு 700 வண்டி என்று சும்மா வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் 210 பேர் கடந்தால் 10.29 கோடி: பாஸ். பாடசாலையில் 300 பிள்ளைகள் காலையும் பகலும் கடந்தாலும் நாலு மணித்தியாலத்துக்குப் பரப்பினால் 150தான், 7.35 கோடி: பெயில். லயத்துச் சந்தியில் காலை 60, மாலை 60 என்றால் சராசரி 30, ஒன்றரைக் கோடிகூட வராது. பனியும் இறக்கமும் வேகமும் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. சூத்திரத்தைக் குறை சொல்லவில்லை, அது தட்டையான நகரத்துக்குப் பிறந்தது.

அதே பிரிட்டனில்தான் 1934இல் கோடு போட்ட கம்பத்தின் உச்சியில் மஞ்சள் உருண்டை விளக்கு வந்தது. வரிக்குதிரைக் கோடு வந்தது 1951இல். விளக்கு முந்தி, கோடு பிந்தி. நாங்கள் கோட்டைப் போட்டுவிட்டு விளக்கைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெறும் கோட்டின் பலன் பற்றி அமெரிக்காவில் 30 நகரங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2005இல் அறிக்கை வந்தது. கோடு போட்ட 1000 இடங்களையும் போடாத 1000 இடங்களையும் ஒப்பிட்டார்கள். எங்களுடையதைப் போல இரண்டே வழித்தடமுள்ள பாதையில் விபத்து வீதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பல வழித்தடமும் நாளுக்கு 12,000 வாகனத்துக்கு மேலும் உள்ள பாதையில் வெறும் கோடு போட்ட இடத்தில் விபத்து கூடவே இருந்தது. புளோரிடாவின் சென்ட் பீற்றர்ஸ்பேர்க் நகரிலோ, பொத்தான் அழுத்தினால் படபடவென்று மின்னும் நீள்சதுர விளக்கைப் பூட்டினார்கள். நூற்றுக்கு 20 சாரதிகள்கூட நிற்காத இடங்களில் 80 பேர் அளவில் நின்றார்கள். எங்கள் தனியார் பஸ்கள் அதில் பாதிக்கு நின்றாலும் எனக்குச் சந்தோஷம்.

கூட்டத்தில் லயத்துப் பாட்டி ஒருவர் கேட்டார்: “தம்பி, லைட்டுப் போட்டா மட்டும் பஸ்காரன் நிப்பானா?” எல்லா நேரமும் மின்னினால் நிற்கமாட்டான், பாட்டி. ஆள் நிற்கும்போது மட்டும் மின்னினால், மின்னுகிறது என்றாலே ஆள் நிற்கிறது என்று அர்த்தமாகிவிடும். நுவரெலியாப் பக்கத்தில் சூரியத் தகடு வைக்கிறவர்களுக்கு இன்னொரு இலாபமும் உண்டு. வெயில் காணாத ஜூன், ஜூலையில் பெட்டரி நாள் முழுக்க எரிந்து தீராது.

வேகத்தடை கேட்டவர்களும் உண்டு. இறக்கத்தில் வேகத்தடை எனக்குப் பிடிக்கவில்லை. மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் அதில் தேங்கும், பனியில் மோட்டார் சைக்கிள்காரன் அதைக் காணமாட்டான், கொழுந்து லொறி குதிக்கும்.

என் தெரிவு இதுதான். விளக்கு லயத்துச் சந்திக்கு. பாடசாலைக்கு விலக்கிப் போட்ட கடவை, வேலி, பலகை பிடித்த ஆள். பஸ் ஸ்டாண்டுக்குக் கோடும் நகர்த்திய தரிப்பிடமும். கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் டவுனில் இடிபட்டால் பெரும்பாலும் கை கால் வலியோடு போகும். சந்தியில் இடிக்கிற வண்டியின் வேகம் வேறு. 30இல் வருகிற வண்டியைவிட 50இல் வருகிற அதே வண்டிக்கு மோதும் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்கு.

கடிதத்தில் ஒன்றை மட்டும் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். கடவைக்கு எழுபது எண்பது மீற்றர் மேலே, இறங்கி வருகிற பக்கத்தில் இன்னொரு மின்னும் விளக்கு இதனோடு சேர்ந்தே எரியவேண்டும். பனியில் கடவை விளக்கைக் கண்ட பிறகு பிரேக் பிடித்துப் பிரயோசனமில்லை. பொத்தான் கம்பம் லயத்துப் படி ரோட்டைத் தொடுகிற அதே இடத்தில் நிற்கவேண்டும். தலையில் கொழுந்துப் பையோடு யாரும் பத்து மீற்றர் சுற்றிப்போய்ப் பொத்தான் அழுத்தப் போவதில்லை.