மலையேற்றக் குழுவில் சேர்கிறீர்களா? முதலில் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

மாதம் ஒரு மலை. வெள்ளி இரவு கிண்டியில் பஸ் ஏறினால் ஞாயிறு இரவு வீடு. ஆண்டுச் சந்தா 6,000 ரூபாய், பஸ் கட்டணம் தனி. சென்னையில் இயங்கும் ஒரு மலையேற்றக் குழுவில் ஜனவரியில் சேர்ந்தேன். முதல் பயணம் ஏலகிரி. மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிவரை ஏறி இறங்கினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையில்தான் அடுத்ததற்கும் பணம் கட்டினேன்.

மார்ச்சில் குரங்கணி என்று அறிவித்தார்கள். கோடையில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்களே என்று கேட்டேன். "வனத்துறையில் பேசியாகிவிட்டது அக்கா, நீங்கள் ஷூவை மட்டும் எடுத்து வையுங்கள்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

இரவெல்லாம் பயணம் செய்து போடியில் டீ குடித்துவிட்டு, 34 பேர் குரங்கணி சோதனைச் சாவடியில் இறங்கினோம். வனக்காவலர் அனுமதிச் சீட்டைக் கேட்டார். இல்லை. எவரும் எவரிடமும் பேசியிருக்கவும் இல்லை. சாலையோரப் புல்லில் ஒரு பிடியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார் அந்தக் காவலர். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ஒரு பீடித் துண்டு போதும் அம்மா" என்றார்.

அதோடு திரும்பியிருந்தால் பணம் போயிற்று என்று விட்டிருப்பேன். பஸ்ஸைச் சற்றுத் தூரம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, எஸ்டேட் பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது, சத்தமில்லாமல் ஏறிவிடலாம் என்றார்கள்! 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் உயிரிழந்தது இதே குரங்கணி மலையில்தான். சென்னையிலிருந்து போன பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. இவ்வளவும் தெரிந்த ஒருவர், காய்ந்த புல்லுக்குள் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். எனக்குக் கைகால் நடுங்கியது.

ஒன்பது பேர் மறுத்துவிட்டோம். மாலை நான்கு மணிவரை பஸ்ஸிலேயே காத்திருந்தோம். திரும்பியவர்களில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு பாராசிட்டமால் அட்டையும் பசை காய்ந்த பிளாஸ்திரியும்தான். என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வனத்துறை காரணமாகப் பயணம் தடைபட்டால் தொகை திரும்பாது" என்று விதி காட்டினார்கள். ரசீதை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. ஒரு முத்திரை மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கொடுங்கள்.

மலை ஏற ஆசையிருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்திலேயே முன்பதிவு செய்ய வழி செய்திருக்கிறது. வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற மலைவாழ் மக்கள். தனியார் குழுவோடுதான் போவேன் என்பவர்கள், தங்கள் பெயர் எழுதிய அனுமதிச் சீட்டைப் பணம் கட்டும் முன் கண்ணால் பாருங்கள். "பேசியாகிவிட்டது" என்ற பதில் வந்தால் பஸ் ஏறாதீர்கள்.

அந்தக் குழு ஏப்ரல் பயணத்துக்கு இப்போது பணம் வாங்கிக்கொண்டிருக்கிறது. புறப்படும் இடம் அதே கிண்டி.